அவசரம்: கே-1ஆ சிஆர்-1ஆ? மே மாசம் கல்யாணம், மாப்பிள்ளை வெளிநாடு

தேயிலைப்பொண்ணு
வணக்கம், கொஞ்சம் அவசரம். எனக்கு மே மாசம் கல்யாணம் முடிவாகியிருக்கு, கோத்தகிரியில நேரு பூங்கா பக்கம் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. மாப்பிள்ளை அமெரிக்காவுல நர்ஸ், நானும் நர்ஸ் தான். நான் அங்க போக கே-1 விசா போட்டா சீக்கிரம் ஆயிடும்னு ஒருத்தர் சொல்றார், சிஆர்-1 விசா தான் நல்லதுன்னு இன்னொருத்தர் சொல்றார், ஏஜென்ட் கிட்ட கேட்டா ரெண்டுக்கும் தனித்தனி ரேட் சொல்றாங்களே தவிர எதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க. எது போடறது? அப்பா தினமும் கேக்கறார். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கல்லாறு கார்த்தி
கண்ணை மூடிட்டு கே-1 போடுங்க சிஸ்டர். மே மாசம் இங்க கல்யாணத்தை ஜாம்ஜாம்னு முடிச்சிட்டு, அங்க போய் 90 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம். எங்க சித்தப்பா பையன் அப்படித்தான் பண்ணான்.

சாரல்
கார்த்தி அண்ணா, தயவுசெஞ்சு இப்படி சொல்லாதீங்க. கே-1 கட்டிக்கப் போறவங்களுக்கான விசா, கட்டினவங்களுக்கு இல்ல. மண்டபத்துல தாலி கட்டி ஃபோட்டோ வந்துடுச்சுன்னா, ரெஜிஸ்டர் பண்ணலைன்னாலும் கல்யாணம் ஆயிடுச்சுன்னு தான் அதிகாரி எடுத்துப்பாங்க. நிச்சயதார்த்தத்தையே கல்யாணம் மாதிரி மாலை மாத்தி பெருசா பண்ணிட்டு இன்டர்வியூல மாட்டினவங்க உண்டு.

தேயிலைப்பொண்ணு, நீங்க முக்கியமானது எதுவுமே சொல்லலையே. அவர் அங்க சிட்டிசனா, க்ரீன் கார்டா, வொர்க் விசாவா? எந்த நாட்டுக்காரர்? ரெண்டு பேரும் என்ன மதம்? யாருக்காவது முன்னாடி கல்யாணம் ஆகி விவாகரத்து இருக்கா? நீங்க இந்தியாவை விட்டு வேற எங்கயாவது ஒரு வருஷத்துக்கு மேல இருந்தீங்களா? இது தெரியாம யாரு என்ன சொன்னாலும் குருட்டாம்போக்கு தான்.

பதிவுத்துறை பரமசிவம்
இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேக்கவே தெரியல. மண்டபம் பார்த்துட்டு விசா பார்க்கறது, விசா பார்த்துட்டு சட்டம் பார்க்கறது. நான் பதிவுத்துறையில காலம் தள்ளினவன், இந்த மாதிரி எத்தனை ஜோடி கடைசி வாரம் வந்து அழுதிருக்காங்க தெரியுமா. முதல்ல இந்தியாவுல கல்யாணம் எந்தச் சட்டத்துல நடக்குதுன்னு முடிவு பண்ணுங்க பாப்பா, அமெரிக்கா அப்புறம்.

டெக்சாஸ் தங்கராசு
இவ்வளவு தலைவலி எதுக்கு? அமெரிக்காவுல யூட்டா கவுன்டியில ஜூம்ல கல்யாணம் பண்ணி வைக்கறாங்க, நீங்க கோத்தகிரியில உக்காந்தே பண்ணிக்கலாம், அமெரிக்க சர்டிஃபிகேட் கையில வந்துடும். நேரா ஐ-130, அதாவது மனைவியைக் கூப்பிடற மனு, போட்டுடலாம்.

சாரல்
தங்கராசு அண்ணா, ஜூம் கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் நேர்ல சந்திச்சு சேர்ந்து இருந்திருக்கணும், இல்லேன்னா இமிகிரேஷன் கணக்குல அது கல்யாணமே இல்ல. எப்படியும் அவர் விமானம் ஏறி வரணும். வர்றவர் இங்கயே கட்டிட்டுப் போகட்டுமே.

தேயிலைப்பொண்ணு
டியூட்டியில இருந்தேன். அவர் க்ரீன் கார்டு தான், 2022 டிசம்பர்ல வந்தது. பிலிப்பைன்ஸ்காரர். கத்தோலிக்கர், நாங்க இந்து. ரெண்டு பேருக்கும் முதல் கல்யாணம். துபாய்ல ஒரே ஆஸ்பத்திரியில வேலை பார்த்தோம், நான் போன வருஷம் தான் ஊருக்கு வந்தேன். இதெல்லாம் கேட்டா மட்டும் தான் பதில் கிடைக்குமா? எது சீக்கிரம்னு சொல்லுங்க.

சாரல்
இதுல தான் எல்லாமே இருக்குங்க. கே-1 அமெரிக்க சிட்டிசன் மட்டும் போட முடியும். சிஆர்-1உம் சிட்டிசனோட மனைவிக்கு. அவர் க்ரீன் கார்டுங்கறதால இன்னைக்கு தேதிக்கு ரெண்டுமே உங்களுக்குக் கிடையாது! ரெண்டுக்கும் ரேட் சொன்ன ஏஜென்ட் கிட்ட இனிமே போகாதீங்க.

உங்க வழி எஃப்2ஏ, க்ரீன் கார்டுக்காரரோட மனைவிக்கான விசா. கல்யாணம் ஆனதும் அவர் ஐ-130 போடணும். ஆனா இதுக்கு வருஷத்துக்கு இத்தனைன்னு எண்ணிக்கை உண்டு, மாசாமாசம் வர்ற விசா புல்லட்டின்ல தேதி பார்த்துக் காத்திருக்கணும். இந்தியாவுக்குன்னு இதுல தனி வரிசை இல்ல, அது ஒரு ஆறுதல்.

இப்ப கவனிங்க. க்ரீன் கார்டு வந்து 5 வருஷம் ஆனா சிட்டிசன்ஷிப், விண்ணப்பத்தை 90 நாள் முன்னாடியே போடலாம். அப்படின்னா அவர் 2027 செப்டம்பர்ல என்-400 போட்டுடலாம். அவர் பிரமாணம் எடுத்த அன்னைக்கே உங்க எஃப்2ஏ மனு சிட்டிசன் மனைவி மனுவா மாறிடும், அதுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, சிட்டிசன்ஷிப் சான்றிதழ் காப்பியை என்விசிக்கு (அமெரிக்க நேஷனல் விசா சென்டர்) அனுப்பினா போதும். புதுசா எதுவும் போட வேண்டாம். அதனால கல்யாணத்தைத் தள்ளிப்போடறதுல லாபமே இல்ல. இன்னொன்னு, நீங்க உள்ள நுழையற நாள்ல கல்யாணமாகி 2 வருஷம் தாண்டியிருந்தா ஐஆர்-1, நேரா 10 வருஷக் கார்டு. தாண்டலைன்னா சிஆர்-1, 2 வருஷக் கார்டு தான், அப்புறம் ஐ-751 போட்டு நிபந்தனையை எடுக்கணும். இப்ப மே மாசம் கட்டினா 2028 மேக்கு அப்புறம் போறவங்களுக்கு அந்த வேலையே இல்ல.

துபாய்ல ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருந்தா அங்க போலீஸ் சர்டிஃபிகேட்டும் வேணும். இங்க உள்ளது பாஸ்போர்ட் சேவா வழியா, நமக்கு கோயமுத்தூர் பாஸ்போர்ட் ஆபீஸ்.

கல்லாறு கார்த்தி
ஃபாலோ டு ஜாயின்னு ஒன்னு இருக்கே, நர்ஸ் வேலை மூலமா க்ரீன் கார்டுல போனவங்க பொண்டாட்டி பின்னாடியே போகலாம், காத்திருக்கவே வேண்டாம். சித்தப்பா பையன்…

சாரல்
அது அவர் க்ரீன் கார்டோட நுழையறதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருந்தா தான் அண்ணா. இவங்களுக்கு ஆகல. உங்க சித்தப்பா பையன் கேஸ் என்னன்னு அவரையே ஒரு தடவை கேளுங்க.

ஆஸ்பத்திரி அனிதா
அக்கா, நீங்களே நர்ஸ் தானே, அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை என்கிளெக்ஸ் பாஸ் பண்ணி சொந்தமா ஈபி-3ல (வேலை வழியா கிடைக்கற க்ரீன் கார்டு) போகலாமே, புருஷன் கையை எதிர்பார்க்க வேண்டாம்.

சாரல்
இந்தியாவுல பிறந்தவங்களுக்கு ஈபி-3 வரிசை 10 வருஷத்துக்கு மேல பின்னாடி நிக்குது. என்கிளெக்ஸ் மட்டும் இப்பவே எழுதி வெச்சிடுங்க, போனப்புறம் வேலை தேட உதவும்.

தேயிலைப்பொண்ணு
அதுவரைக்கும் அவர் இங்க வந்து இருக்க முடியாதா? ஒரு வருஷம் லீவு போடறேன்னு சொல்றார்.

சாரல்
இந்தியப் பிரஜையோட கணவர்னு எக்ஸ்-2 என்ட்ரி விசா வாங்கி இருக்கலாம், கல்யாணம் பதிவாகி 2 வருஷம் ஆனா ஓசிஐ அட்டைக்கும் (வெளிநாட்டுக்காரர் இந்தியாவுல நீண்ட நாள் இருக்க உதவறது) விண்ணப்பிக்கலாம். ஆனா வேண்டாம். ஒரே மூச்சுல 6 மாசத்துக்கு மேல அமெரிக்காவுக்கு வெளிய இருந்தா அவரோட 5 வருஷக் கணக்குலயே கேள்வி வரும், ஒரு வருஷம் தாண்டினா கணக்கு அறுந்துடும். க்ரீன் கார்டுக்கும் வம்பு. அவரோட சிட்டிசன்ஷிப்பும் உங்க விசாவும் அந்த 5 வருஷத் தேதியில தான் தொங்குது. லீவு கிடைக்கும் போதெல்லாம் சின்னச் சின்னதா வந்துட்டுப் போகட்டும்.

பதிவுத்துறை பரமசிவம்
இவ்வளவு பேசியும் நான் கேட்டதுக்கு யாரும் வரல. பெண் இந்து, பையன் கத்தோலிக்கர். கோயில்ல தாலி கட்டிட்டு இந்து திருமணச் சட்டத்துல பதியலாம்னு நினைச்சா செல்லாது, ரெண்டு பேரும் இந்துவா இருக்கணும், 2008லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. நம்ம ஊர் சுயமரியாதைத் திருமணம் 7ஏ பிரிவும் அதே சட்டத்துக்குள்ள தான். அப்ப மிச்சம் 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். ஒருத்தராவது அந்த மாவட்டத்துல 30 நாள் குடியிருந்திருக்கணும், நோட்டீஸ் குடுக்கணும், 30 நாள் ஒட்டி வைப்பாங்க, ஆட்சேபம் இல்லேன்னா 3 சாட்சியோட கையெழுத்து. நோட்டீஸ் 3 மாசம் தான் செல்லும். மே முகூர்த்தம்னா எப்ப குடுக்கணும்னு நீங்களே கணக்குப் போடுங்க. எல்லாத்தையும் நான் ஊட்டி விட முடியாது.

வெலிங்டன் வின்சென்ட்
ஐயா, மிச்சம் அது மட்டும் இல்லீங்க. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம்னு ஒன்னு இருக்கு, ஒருத்தர் கிறிஸ்தவரா இருந்தாலே போதும், பொண்ணு மதம் மாறத் தேவையே இல்ல. பங்குத்தந்தையைப் பார்த்தா ஊட்டி ஆயர்கிட்ட அனுமதி வாங்கி, சர்ச்சுல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சு முடிச்சு வைப்பாங்க. 30 நாள் நோட்டீஸ் கிடையாது.

பதிவுத்துறை பரமசிவம்
அந்தப் பெண் வீட்ல சம்மதிப்பாங்களான்னு கேட்டீங்களா? சர்ச்சுன்னதும் வந்துட்டார்.

வெலிங்டன் வின்சென்ட்
நான் சட்டம் சொன்னேன், நீங்க தான் வீட்டுக்குள்ள போறீங்க. அவங்க ஆபீஸ்லயே பண்ணட்டும், எனக்கென்ன. அப்படி ஒரு வழியே இல்லாத மாதிரி சொன்னீங்க பாருங்க, அதைத்தான் கேட்டேன்.

சாரல்
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. எந்தச் சட்டமா இருந்தாலும் மாப்பிள்ளை பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட், அதனால டெல்லியில இருக்கற அவங்க தூதரகத்துல இருந்து கல்யாணத்துக்குத் தடையில்லைன்னு தகுதிச் சான்று கேப்பாங்க. அதுக்கு அவர் நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் பிஎஸ்ஏ குடுக்கற செனோமார் வேணும், இதுவரை கல்யாணம் ஆகலைங்கற சான்று. அதை இன்னைக்கே எழுதிப் போடச் சொல்லுங்க, கடைசியில மண்டபத்தை நிறுத்தப் போறது அந்தக் காகிதம் தான். கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க தூதரகத்துலயும் பதிவு பண்ணணும்.

ஊட்டி உருளை
எல்லாம் சரி, மே மாசத்துல கோத்தகிரியில கல்யாணமா? காய்கறி கண்காட்சி, ஊட்டியில மலர்க் கண்காட்சி, சொந்தக்காரங்க எல்லாம் குஞ்சப்பனை செக்போஸ்ட்லயே சாப்பிட்டுத் திரும்பிடுவாங்க. மலை ஏற வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்க எல்லாரையும்.

கல்லாறு கார்த்தி
கல்யாணத்துக்கு எல்லாம் இ-பாஸ் தேவையில்ல.

ஊட்டி உருளை
யாரு சொன்னது? நம்ம நீலகிரி டிஎன் 43 வண்டிக்குத் தான் தேவையில்ல, வெளி வண்டிக்கு 2024 மே 7ல இருந்து வேணும், கோர்ட் உத்தரவு.

கல்லாறு கார்த்தி
எங்க வண்டி டிஎன் 40, பல தடவை ஏறியிருக்கேன், ஒருத்தரும் கேக்கல.

ஊட்டி உருளை
கேக்கலைங்கறதும் தேவையில்லைங்கறதும் ஒன்னா? உங்க சித்தப்பா பையன் விசா கதை மாதிரியே இருக்கு.

பதிவுத்துறை பரமசிவம்
இழையோட தலைப்பு என்ன, பேசறது என்ன.

டெக்சாஸ் தங்கராசு
நான் இப்பவும் சொல்றேன், யூட்டா.

தேயிலைப்பொண்ணு
எல்லாருக்கும் நன்றி. வீட்ல பேசியாச்சு, சிறப்புத் திருமணச் சட்டம் தான். செனோமார் வந்துடுச்சு, அவர் மார்ச்ல வந்து நோட்டீஸ்ல கையெழுத்துப் போடறார். மண்டபம் அதே தேதி. ஐ-130 கல்யாணம் முடிஞ்சதும். சாரல் அக்காவுக்கு தனியா நன்றி. இ-பாஸ் லிங்க் யாராவது போடுங்க.

சாரல்
நல்லது மா. ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த பழைய துபாய் ஃபோட்டோ, மெசேஜ், டிக்கெட் எதையும் அழிச்சிடாதீங்க, உறவு உண்மைன்னு காட்ட அதெல்லாம் வேணும்.

பூம்பாறை பூண்டு
இதே மாதிரி தான் எனக்கும், நான் கொடைக்கானல், பொண்ணு வெளிநாடு. எந்த விசா போடறது? அவசரம்.

பதிவுத்துறை பரமசிவம்
எந்த நாடு தம்பி?