இல்லினாய் 8ஆம் தொகுதி: ராஜா கிருஷ்ணமூர்த்திக்கு ரோஸ்டென்கோவ்ஸ்கி முன்னோடியா?

சாம்பர்க்வாசி:
நண்பர்களே, ராஜா கிருஷ்ணமூர்த்தி செனட்டுக்கு நிற்கப்போவதாக அறிவித்துவிட்டார். அதனால் 2026இல் எங்கள் தொகுதிக்குப் புது ஆள்தான். டெல்லியில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்து பியோரியாவில் வளர்ந்தவர், 2017 ஜனவரி முதல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவையில் எங்கள் உறுப்பினர். அவருக்கு முன்னால் இந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். டேன் ரோஸ்டென்கோவ்ஸ்கி (1959–1993), ஃபில் கிரேன் (1993–2005), மெலிசா பீன் (2005–2011), ஜோ வால்ஷ் (2011–2013), டாமி டக்வொர்த் (2013–2017). அடேங்கப்பா, என்ன வரிசை! அதிலும் ரோஸ்டென்கோவ்ஸ்கி! கீழவையின் வரிவிதிப்புக் குழுவின் தலைவராக 13 வருஷம் இருந்து, 1986 வரிச் சீர்திருத்தத்தை நிறைவேற்றிக் காட்டிய ஜாம்பவான் உட்கார்ந்த நாற்காலியில் நம்ம ஆள். இதை ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று இருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

பழையபேப்பர்:
//ஜாம்பவான் உட்கார்ந்த நாற்காலியில் நம்ம ஆள்//
எழுதுவதற்கு முன்னால் ஒரு வரைபடத்தைத் திறந்து பாருங்கள் ஐயா. ரோஸ்டென்கோவ்ஸ்கி உங்கள் புறநகரான சாம்பர்க் மக்களிடம் ஒரு நாளும் ஓட்டுக் கேட்டவர் இல்லை. அவருடைய 8ஆம் தொகுதி சிகாகோ நகருக்குள், வடமேற்கில், போலந்துக்காரர்களும் தேவாலயங்களும் நிறைந்த பகுதி. 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு இல்லினாய்க்கு இருந்த 22 இடம் 20 ஆனது. வரைபடத்தைப் புதிதாகப் போட்டார்கள், எண்களும் இடம் மாறின. ரோஸ்டென்கோவ்ஸ்கியின் தொகுதிக்கு 5 என்ற எண் வந்தது. 8 என்ற எண் புறநகருக்குப் போனது. அங்கே ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் ஃபில் கிரேன், அதுவரை அவர் தொகுதியின் எண் 12. பேருந்தின் தட எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, ‘அந்த ஊருக்குப் போன வண்டிதான் இது’ என்று சொல்வது மாதிரி இருக்கிறது உங்கள் வரிசை.

ரோஸ்டென்கோவ்ஸ்கியின் உண்மையான வாரிசுகள் 5ஆம் தொகுதியில் இருக்கிறார்கள். 1994இல் அவரைத் தோற்கடித்த மைக்கேல் ஃப்ளானகன், பிறகு ராட் பிளாகோயெவிச், ராம் எமானுவேல், இப்போது மைக் குவிக்லி. பிளாகோயெவிச் பின்னால் ஆளுநராகி ஜெயிலுக்குப் போனது ஊருக்கே தெரியும்.

ஊர்க்குருவி:
அப்ப நம்ம ராஜாவுக்கு யார்தான் முன்னோடி?

பழையபேப்பர்:
அந்தப் பக்கப் புறநகர்களின் கதையைப் பின்னோக்கிப் போனால் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டில் போய் நிற்கும். ஆமாம், ஈராக் போர்க் காலத்துப் பாதுகாப்பு அமைச்சர் அவரேதான். 1962இல் 13ஆம் தொகுதியில் ஜெயித்தார். 1969இல் நிக்சன் அரசில் பதவி கிடைத்ததும் ராஜினாமா செய்தார். இடைத்தேர்தலில் வந்தவர்தான் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த கிரேன். அவர் 13இலிருந்து 12, 12இலிருந்து 8 என்று எண் மாறிக்கொண்டே 35 வருஷம் இருந்தார். நடுவில் 1980இல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகவும் முயன்று பார்த்தார். ஆக, உங்கள் கட்டுரை ரம்ஸ்ஃபெல்டில் தொடங்க வேண்டும். அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

சட்டப்பித்தன்:
பழையபேப்பர் அவர்கள் சொல்லும் தகவல்கள் சரி, முடிவு சரியில்லை. தேர்தல் ஆணையம், அவைச் செயலகம், பதவிப் பிரமாணம் எல்லாமே ‘இல்லினாய் 8’ என்ற எண்ணின் பெயரில்தான் நடக்கின்றன. சட்டத்தின் கண்ணில் தொகுதி என்பது எண். நிலத்தைப் பிடித்துக்கொண்டு போனால் எந்த நிலத்தை? இன்றைய 8ஆம் தொகுதிக்குள் பழைய நாலைந்து தொகுதிகளின் துண்டுகள் கிடக்கின்றன. ஒரு பிள்ளைக்கு ஐந்து அப்பாவா? சாம்பர்க்குக்கு ரம்ஸ்ஃபெல்ட் என்றால் அடிசனுக்கு யார், எல்ஜினுக்கு யார்?

எண்ணுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு என்பதற்கு இதே 8ஆம் தொகுதியே சாட்சி. 1921 முதல் 1993 வரை அங்கே இருந்தவர்கள்: ஸ்டான்லி குன்ஸ், லியோ கோசியால்கோவ்ஸ்கி, தாமஸ் கார்டன், ரோஸ்டென்கோவ்ஸ்கி. எல்லாரும் ஜனநாயகக் கட்சி, எல்லாரும் சிகாகோவின் போலிஷ் அரசியலில் ஊறியவர்கள். குறுக்கே வந்தவர் ஒரே ஒருவர், குடியரசுக் கட்சியின் பீட்டர் கிரனாட்டா. 1930 தேர்தலில் ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டு 1931இல் அவைக்குப் போனார். குன்ஸ் சும்மா இருக்கவில்லை, முடிவை எதிர்த்து அவையிலேயே வழக்காடினார். 1932 ஏப்ரலில் அவை குன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. கிரனாட்டா மூட்டையைக் கட்டினார். எழுபது வருஷத் தொடர்ச்சியை ‘வெறும் எண்’ என்று தள்ளிவிட முடியாது.

பழையபேப்பர்:
சட்டப்பித்தன் சார், அந்தத் தொடர்ச்சி எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 1901இல் போட்ட இல்லினாய் வரைபடம் 1947 வரை மாறவே இல்லை. சிகாகோ வீங்கிக்கொண்டே போனது, கிராமப்புற உறுப்பினர்களுக்கு நகரத்திடம் இடங்களைக் கொடுக்க மனமில்லை. விளைவு என்ன? 1940 கணக்கெடுப்பின்படி ஒரு தொகுதியில் சுமார் 1 லட்சத்து 12 ஆயிரம் பேர், இன்னொன்றில் 9 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் ஒரே ஒரு உறுப்பினர். இதை எதிர்த்துத் தொடுத்த வழக்குதான் கோல்குரோவ் எதிர் கிரீன். 1946இல் உச்ச நீதிமன்றம் ‘இது அரசியல் விவகாரம், நாங்கள் தலையிட மாட்டோம்’ என்று கைகழுவியது. மறுவருஷம் சட்டமன்றமே வரைபடத்தை மாற்றியது. காங்கிரஸ் தொகுதிகள் மக்கள்தொகையில் கூடுமானவரை சமமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1964இல், ஜார்ஜியாவிலிருந்து வந்த வழக்கில்.

ஆகவே நீங்கள் பெருமையாகச் சொல்லும் எழுபது வருஷத்தில் முதல் கால் நூற்றாண்டு, வரைபடம் உறைந்து கிடந்த அநியாயத்தின் பலன். பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒழுங்காகப் பிரிக்கத் தொடங்கிய பிறகு எண்ணுக்கும் ஊருக்கும் இருந்த பந்தம் அறுந்துபோனது.

இன்னொன்று. இதே 8ஆம் எண் 1850களில் எங்கே இருந்தது தெரியுமா? செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில், பெல்வில் பக்கம். 1854இல் அங்கே ஜெயித்த லைமன் டிரம்புல், பதவி ஏற்கும் முன்பே செனட்டுக்குப் போய்விட்டார். 1855இல் அந்த செனட் இடத்துக்கு ஆசைப்பட்ட ஆபிரகாம் லிங்கன், தனக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் தன் ஆதரவாளர்களை டிரம்புல் பக்கம் திருப்பிவிட்டார். அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தத்தை செனட்டில் முன்னின்று கொண்டுவந்தவர்களில் டிரம்புல்லும் ஒருவர். உங்கள் கணக்குப்படி அவரும் சாம்பர்க் உறுப்பினர்தான்!

ஊர்க்குருவி:
லிங்கனும் காங்கிரஸ்ல இருந்தார்ல? அவர் எந்த நம்பர்?

பழையபேப்பர்:
7. 1847 முதல் 1849 வரை. அப்போது அது ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம். இப்போது 7 என்பது சிகாகோ நடுநகரும் மேற்குப் பகுதியும், உறுப்பினர் டேனி டேவிஸ். லிங்கனின் ஊர் வேறு எண்ணுக்குப் போய்விட்டது. அட்டவணையில் மட்டும் இருவரும் அண்ணன் தம்பி மாதிரி ஒரே பட்டியலில் நிற்கிறார்கள்.

எல்ஜின்அக்கா:
தம்பிங்களா, நீங்க ரெண்டு பேரும் புத்தகத்தை வச்சு அடிச்சுக்கிறீங்க. நான் எல்ஜின்ல ஒரே வீட்டுல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்டப்ப எங்க தொகுதி 14. உறுப்பினர் டென்னிஸ் ஹேஸ்டர்ட், அப்ப அவர் அவைத் தலைவர். 2007 கடைசியில அவர் ராஜினாமா பண்ணினார், 2008 இடைத்தேர்தல்ல பில் ஃபாஸ்டர் வந்தார். 2010ல ரேண்டி ஹல்ட்கிரென். அடுத்த தேர்தலுக்கு ஒரு அட்டை தபால்ல வந்துச்சு, பார்த்தா எங்க தெரு 8ஆம் தொகுதின்னு போட்டிருக்கு. வீட்டுல ஒரு செங்கல்லைக்கூட நாங்க நகர்த்தல. அதுக்கப்புறம் டக்வொர்த், பிறகு ராஜா.

ஆக என் பட்டியல்: ஹேஸ்டர்ட், ஃபாஸ்டர், ஹல்ட்கிரென், டக்வொர்த், ராஜா. சாம்பர்க்வாசி போட்ட பட்டியல்ல கடைசி ரெண்டு பேர் மட்டும்தான் எனக்குச் சொந்தம். கிரேன், பீன், வால்ஷ் மூணு பேருக்கும் நான் ஓட்டுப் போட்டதும் இல்லை, போடாம இருந்ததும் இல்லை. நீங்க கட்டுரை எழுதினா என்னையும் அந்த வாக்காளர்ல சேர்க்காதீங்க.

சாம்பர்க்வாசி:
அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் பழையபேப்பர் பேசுவதைக் கேட்டால் எல்லாமே வரைபடம் வரைகிறவன் கையில் இருப்பது போலத் தோன்றுகிறது. அதை நான் ஒப்ப மாட்டேன். 2004ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் 2002இல் இருந்த அதே வரைபடம். 2001இல் இரு கட்சி உறுப்பினர்களும் ‘உனக்கு உன் இடம், எனக்கு என் இடம்’ என்று பேசிவைத்துப் போட்டது, கிரேனுக்குப் பாதுகாப்பானது. புஷ் அந்தத் தொகுதியில் 56 விழுக்காடு வாங்கினார். அதே நாளில், அதே ஓட்டுச்சீட்டில், மக்கள் கிரேனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மெலிசா பீனை ஜெயிக்க வைத்தார்கள். அவர் ஊர்ப் பக்கமே வருவதில்லை, வெளிநாட்டுப் பயணத்திலேயே இருக்கிறார் என்ற புகார்தான் அந்தத் தேர்தல் முழுக்க. 35 வருஷக் கோட்டை சரிந்தது கோடு மாறியதால் இல்லை.

2010இல் அதே வரைபடத்தில் பீன் தோற்றார். இரண்டு லட்சம் ஓட்டுக்கு மேல் பதிவான தேர்தலில் வித்தியாசம் முந்நூறுகூட இல்லை. அவரைத் தோற்கடித்த ஜோ வால்ஷை, தன் கட்சித் தலைமையே பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இதெல்லாம் மனிதர்கள் செய்த வரலாறு.

பழையபேப்பர்:
2004க்கும் 2010க்கும் நீங்கள் சொல்வது பொருந்தும். 2012க்கு என்ன சொல்வீர்கள்? இல்லினாய் 19இலிருந்து 18 ஆனது, பேனா ஜனநாயகக் கட்சியின் கையில். 2010இல் குடியரசுக் கட்சி 11 இடம், ஜனநாயகக் கட்சி 8. புது வரைபடத்தில் நடந்த முதல் தேர்தலில் ஜனநாயகக் கட்சி 12, குடியரசுக் கட்சி 6. வால்ஷின் பழைய தொகுதியில் லேக், மெக்ஹென்றி கவுண்டி (மாவட்டம்) பகுதிகள் இருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு டுபேஜ், கேன் பக்கம் இழுத்தார்கள். வால்ஷின் வீடே 14க்குள் போய்விட்டது. முதலில் அங்கே ஹல்ட்கிரெனோடு மோதுவதாகச் சொன்னார், பிறகு மனசு மாறி 8க்கே வந்து டக்வொர்த்திடம் தோற்றார்.

சாம்பர்க்வாசி:
டக்வொர்த்தைப் பற்றி வால்ஷ் பேசிய பேச்சை மறந்துவிட்டீர்களா? ஈராக்கில் ஹெலிகாப்டர் சுடப்பட்டு இரண்டு காலையும் இழந்தவரைப் பார்த்து, ராணுவ சேவையைத் தவிர வேறெதுவும் பேசமாட்டேன் என்கிறார் என்று குறை சொன்னார். அதற்கே நாலு விழுக்காடு போயிருக்கும்.

சட்டப்பித்தன்:
போயிருக்கலாம். ஆனால் அந்த வரைபடத்தில் வால்ஷ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். இந்த இடத்தில் பழையபேப்பர் பக்கம்தான் நான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஜனநாயகக் கட்சி 2011இல் செய்ததைத் திட்டுகிறவர்கள் 1981ஐயும் 1991ஐயும் பார்க்க வேண்டும். இரண்டு முறையும் சட்டமன்றம் ஒத்துப்போகாமல் விஷயம் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. 1981இல் நீதிபதிகள் தேர்ந்தெடுத்தது ஜனநாயகக் கட்சி கொடுத்த வரைபடத்தை, 1991இல் குடியரசுக் கட்சி கொடுத்ததை. 8 என்ற எண் புறநகருக்குப் போனது அந்த இரண்டாவது தீர்ப்பால்தான்.

அதே 2012இல், இறுதித் தேர்தலுக்கு முன்னால், ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலில் டக்வொர்த்திடம் தோற்றவர் யார் தெரியுமா? ராஜா கிருஷ்ணமூர்த்தி. நாலு வருஷம் காத்திருந்து, டக்வொர்த் செனட்டுக்குக் கிளம்பியதும் அதே இடத்துக்கு வந்தார். முன்னோடி என்று ஒருவரைக் காட்ட வேண்டுமென்றால் டக்வொர்த்தைக் காட்டுங்கள். அதில் எண்ணும் ஊரும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

எல்ஜின்அக்கா:
இது நல்லாயிருக்கு. ரோஸ்டென்கோவ்ஸ்கியை அவங்க ஊர்க்காரங்ககிட்டயே விட்டுடுங்க. 1989 ஆகஸ்ட்ல மூத்த குடிமக்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்துக்காக அவர் காரை மறிச்சு, ஒரு பாட்டி பானெட்டு மேலயே சாய்ஞ்சு நின்னாங்களே, டிவியில பார்த்ததில்லையா? மனுஷன் காரை விட்டு இறங்கி பெட்ரோல் பங்க் வழியா ஓடினார். அந்தச் சட்டத்தை அந்த வருஷமே காங்கிரஸ் ரத்து பண்ணிடுச்சு. அந்தப் பாட்டியோட கோபமும் சிகாகோ ஊருக்குள்ள இருந்தவங்களோடது. நம்ம பக்கத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சாம்பர்க்வாசி:
சரி அக்கா. அட்டவணையை எடுக்கப்போவதில்லை, ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ‘அப்போது எந்த ஊர்கள்’ என்று ஒரு பத்தி போடுகிறேன். ரோஸ்டென்கோவ்ஸ்கிக்கு ‘சிகாகோ வடமேற்கு’, கிரேனுக்கு ‘வடமேற்குப் புறநகர்’, டக்வொர்த்துக்கு ‘குக், டுபேஜ், கேன்’. பழையபேப்பருக்குத் திருப்தியா?

பழையபேப்பர்:
கிரேனுக்கு ஒரு வரி போதாது. 1993க்கும் 2003க்கும் வரைபடம் வேறு வேறு. அவருக்கு இரண்டு வரி வேண்டும்.

ஊர்க்குருவி:
மெலிசா பீன் மறுபடி 8ல நிக்கிறாங்களே. தோத்துப் போய் இத்தனை வருஷம் கழிச்சு வந்தாலும் நம்பர் அதேதான். ஒருவேளை ஜெயிச்சா அவங்க பேரை ஒரே வரியில போடுவீங்களா, ரெண்டு வரியா?

சட்டப்பித்தன்:
இரண்டு வரி. குன்ஸுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.