மறு: பாம்புக் குட்டி வளர வளர நிறம் மாறுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

கேள்வி கேட்டவர் மொழிபெயர்ப்பது அமெரிக்கச் சாரைப்பாம்புகளை வீட்டில் வளர்ப்போருக்கான கையேடு. அதனால் எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே எடுக்கிறேன். நம் ஊர்ச் சாரையை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது, அதைப் பிடித்துவந்து வளர்க்க முடியாது. பெட்டியில் வைத்து நாள்தோறும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அனுபவம் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆட்களுடையதுதான்.

கருஞ்சாரை என்று நாம் சொல்லக்கூடிய பிளாக் ராட் ஸ்நேக் முட்டையிலிருந்து வரும்போது கறுப்பாக இருக்காது. சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், சாம்பல் உடம்பு, முதுகு நெடுகக் கரும்பழுப்புத் திட்டுகள், கண்ணிலிருந்து வாயோரம்வரை ஒரு கறுப்புக் கீற்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தச் சாம்பல் கறுத்துக்கொண்டே போய்த் திட்டுகளை விழுங்கிவிடும். முழுக்கக் கறுத்த பாம்பும் பெரிய இரையை விழுங்கித் தோல் விரியும்போது செதில்களுக்கு இடையே பழைய திட்டின் சாயலைக் காட்டும். அதன் நெருங்கிய உறவான மஞ்சள் சாரைக்கும் இதே திட்டுக் குட்டிதான். ஆனால் வளர்ந்தால் மஞ்சள் உடம்பில் நான்கு நெடுங்கோடுகள். சாம்பல் சாரையோ கடைசிவரை திட்டோடே இருந்துவிடும். குட்டியில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பவை வளர்ந்தபின் வெவ்வேறாக நிற்கின்றன. குட்டிகளை விஷமுள்ள காப்பர்ஹெட் என்று நினைத்து அங்கே அடித்துக் கொல்வதும் சகஜம். ஆக, நமக்கு வேண்டிய சொல் மூன்று விஷயங்களைத் தாங்க வேண்டும்: வயதோடு நடப்பது, ஒரே திசையில் நடப்பது, மெல்ல நடப்பது.

இனி முந்தைய மடல்களில் வந்த சொற்கள்.

> பருவநிறமாற்றம் எளிமையாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம்.

எளிமைதான், ஆனால் பருவம் என்றால் வாழ்க்கைப் பருவமா, பருவமழையில் வரும் பருவமா? வட அமெரிக்காவின் ஸ்னோஷூ முயல் குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு. ஆண்டுதோறும் போய்த் திரும்பும் மாற்றம். பருவநிறமாற்றம் என்ற சொல் அதற்கு அச்சாகப் பொருந்தும். பாம்புக்கும் அதையே கொடுத்தால், உயிரியலார் பிரித்துப் பேசும் இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிடுவோம். முயலுக்கே விட்டுவிடலாம்.

> சட்டைநிறமாற்றம் என்றால் வளர்ப்போருக்கு உடனே புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். புதிதாக வளர்ப்பவர்கள் பலரும் நம்புவது இதைத்தான்: பாம்பு பழைய நிறத்தைச் சட்டையோடு கழற்றிப் போட்டுவிட்டுப் புது நிறத்தில் வெளியே வருகிறது என்று. உரித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும். திட்டுகள் இருந்த இடத்தில் லேசான நிழல், அவ்வளவுதான். நிறத்தைத் தரும் செல்களில் பெரும்பாலானவை அதற்கு அடியில் இருக்கும் உள்தோலில் இருக்கின்றன, அவை உரிந்து போவதில்லை. கறுப்பைத் தருபவை, மஞ்சள் சிவப்பைத் தருபவை, ஒளியைத் திருப்பி அனுப்புபவை என்று அவற்றில் சில வகைகள் உண்டு. இவற்றின் அளவும் பரவலும் மாறமாறத்தான் பாம்பின் நிறம் மாறுகிறது. சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு கண் பால்போலாகி உடம்பே மங்கிக் கிடக்கும். உரித்ததும் பளிச்சென்று தெரியும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறமே மாறிவிட்டதுபோல் ஏமாற்றுகிறது. கையேடு இந்தத் தவறைத் திருத்த வேண்டிய இடத்தில், நம் கலைச்சொல்லே தவறைச் சொல்லிக்கொடுத்தால் எப்படி?

> தனியுயிர்வளர்ச்சிசார் நிறமாற்றம்: ஆன்டோஜெனடிக் என்பதற்கு இதுதான் துல்லியம்.

ஆன்டோஜெனடிக் என்றால் ஓர் உயிர் வளர வளர அதனிடம் நடப்பது. துல்லியத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆய்வுக் கட்டுரையின் அடைப்புக்குறிக்குள் வைக்கலாம். ஆனால் பாம்பு வளர்க்கும் கல்லூரிப் பையன் இதைச் சொல்ல மாட்டான், "ஓன்டோ" என்று ஆங்கிலத்திலேயே சுருக்கிக்கொள்வான். இதிலிருந்து ஒரு வினையையும் எடுக்க முடியாது. வினை கிடைக்காத கலைச்சொல் தலைப்பில் மட்டும்தான் வாழும்.

என் பரிந்துரை: நிறமுதிர்வு. கூடவே இரண்டு துணைச்சொற்கள்: குட்டியின் நிறம் இளநிறம், வளர்ந்ததன் நிறம் முதிர்நிறம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கலாம். "உங்கள் பாம்புக்கு இன்னும் நிறம் முதிரவில்லை." "கருஞ்சாரைக்கும் மஞ்சள் சாரைக்கும் இளநிறம் ஒன்றுதான், முதிர்நிறம் வேறு." "சாம்பல் சாரையில் நிறமுதிர்வு பெரிதாக இல்லை." எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. காய் முற்றுவதுபோல், முதிர்ந்தது திரும்ப இளசாகாது என்ற ஒருதிசைப் பொருளும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆட்சேபம் வரும், தெரியும். முதிர்வு என்றாலே வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வருகிறதே என்பார்கள். வரட்டும். முதுமை என்று தோன்றாதா என்பது அதைவிடக் கனமான கேள்வி. ஏனென்றால் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளிலேயே நடந்துவிடும், கிழட்டுப் பாம்புக்கு நடப்பதல்ல. ஆனால் "முதிர்ச்சியான பையன்" என்றால் யாரும் கிழவனை நினைப்பதில்லையே.

அழகாகப் பொருந்தும் இடம் கார்ன் ஸ்நேக் என்ற இன்னொரு அமெரிக்கச் சாரை. அதில் திட்டுகள் மறைவதில்லை, நிறம்தான் ஏறுகிறது. குட்டி மங்கலாக, சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கும். ஆரஞ்சும் மஞ்சளும் பிறகுதான் வரும். சிவப்பு நிறமி இல்லாமல் பிறக்கும் அனெரி வகைக் குட்டி வெறும் கறுப்பு, சாம்பல். அது வளரும்போது கழுத்தோரம் ஒரு மஞ்சள் பூக்கும். குட்டியைப் பார்த்து வாங்கியவர் இதை நோயா என்று கேட்டுக் குழம்புவார். கையேட்டில் அந்த இடத்தில் "நிறமுதிர்வால் வருவது, பயப்பட வேண்டாம்" என்று ஒரு வரி போதும்.

வியட்நாமின் வடபகுதியிலும் தென்சீனத்திலும் வாழும் ரைனோ ராட் ஸ்நேக்குக்கும் சரிவரும்: சாம்பலாகப் பிறந்து, பொதுவாகப் பச்சையில் முதிரும். சாரைக் கூட்டத்தைத் தாண்டினால் நியூகினிப் பக்கத்துப் பச்சை மர மலைப்பாம்பு. மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ பிறந்து பச்சையாகும். மஞ்சள் குட்டி தரைக்கு அருகே சின்ன இரையைத் தேடும், பச்சைப் பாம்பு மரக்கிளையில் இலையோடு இலையாக இருக்கும். வாழும் இடம் மாறும்போது ஒளிந்துகொள்ள வேண்டிய நிறமும் மாறுகிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் விளக்கம். பச்சோந்தி மட்டும் இந்தச் சொல்லுக்குள் வராது. அது சில நிமிடங்களில் மாறி மீளும் சங்கதி.

இன்னொன்று. ஹேட்ச்லிங், அதாவது முட்டையிலிருந்து புதிதாக வந்த குட்டி, என்பதற்குப் புதுச்சொல் வேண்டாம். தொல்காப்பிய மரபியல் பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்று சொல்லி, தவழ்பவைக்கும் அப்படியே என்கிறது. எனவே பாம்புப் பார்ப்பு என்று எழுத இலக்கண ஆதாரம் இருக்கிறது. எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஊர் முழுக்கப் பாம்புக்குட்டி என்றுதான் சொல்கிறது, கையேட்டில் அதையே போடுங்கள்.

திட்டு மறைந்து கோடு வருவது நிறமா, கோலமா என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். கோலமும் நிறச்செல்களின் பரவலால் வருவதுதான். அதனால் நிறமுதிர்வுக்குள்ளேயே அடக்கலாம் என்பது என் எண்ணம். வேண்டாம் என்பவர்கள் ஒரு பாம்பை எடுத்துக்காட்டி எழுதுங்கள். அப்புறம், ரைனோ ராட் ஸ்நேக்கின் மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தச் செதில் கொம்புக்கு ஏற்ப ஒரு பெயர் வேண்டும். கொம்புச் சாரை சரியா, மூக்குக்கொம்பன் சரியா?

அன்புடன்.