காமிக்ஸ் நாயகன் ஸ்பைடரை, அதாவது நம் கூர்மண்டையரை, முதலில் எங்கே பார்த்தீர்கள்?

நான் பார்த்தது முடிவெட்டும் கடையில். அப்பாவின் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார், பேப்பருக்கு அடியில் அட்டை போன ஒரு லயன் காமிக்ஸ் கிடந்தது. பிரித்தால் நெற்றியில் முக்கோணமாக இறங்கும் முடி, கூரான காது, உடம்போடு ஒட்டிய கறுப்பு உடை. சரி, வில்லன் வந்துவிட்டான், ஹீரோ எப்போது வருவான் என்று பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறேன், வரவே இல்லை. கொள்ளையடிக்கிறவன்தான் கதாநாயகன்! போலீஸை வலைத் துப்பாக்கியால் கட்டிப் போட்டுவிட்டு ஹெலிகார் என்ற பறக்கும் வண்டியில் தப்பிக்கிறான் ஸ்பைடர். கடைசிப் பக்கங்களைக் காணோம். கேட்டதற்கு, கத்தியில் ஒட்டிய சோப்பு நுரையை வழிக்கக் கிழித்துவிட்டதாகச் சொன்னார் கடைக்காரர். இன்றுவரை ஆறவில்லை.

ஸ்பைடர் பிறந்தது இங்கிலாந்தில் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1965இல் தொடங்கிய தொடர், அங்கேயும் பத்திரிகையின் பெயர் லயன்தான், என்ன பொருத்தம் பாருங்கள். கதை நடப்பது மட்டும் நியூயார்க்கில். உருவாக்கியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். அப்புறம் எழுத வந்தவர் யார் தெரியுமா? சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்! உலகத்துக்கே உத்தமனைக் கொடுத்த கை, இந்தத் திருட்டுப் பயலுக்கும் வசனம் எழுதியிருக்கிறது. ஆனால் போகப் போக ஸ்பைடர் திருந்தி நல்லவர்கள் பக்கம் வந்துவிட்டார், எனக்கு அதில் பாதி சுவை போய்விட்டது.

—

திருந்தினார் என்று யார் சொன்னது சார்? திருடுவது சலித்துப் போய், தன்னைவிடப் பெரிய திருடர்களை அடக்கினால்தான் கெத்து என்று கட்சி மாறினார், அவ்வளவுதான். அந்தத் தலைக்கனம் ஒரு பக்கத்தில்கூடக் குறையவில்லை. அவருடைய கூட்டாளிகளான பூட்டு உடைக்கும் ஆர்டினியும் விஞ்ஞானி பெல்ஹாமும் அவரிடம் படும் பாடு இருக்கிறதே, எங்கள் ஆபீஸ் மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு பேர்தான் ஞாபகம் வரும். எனக்கு முதல் புத்தகம் 1984இல் லயனில் வந்த எத்தனுக்கு எத்தன். பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டுக்குள் வைத்துப் படித்து மாட்டிக்கொண்டேன், புத்தகம் திரும்பவில்லை, வாத்தியாரும் ரசிகராகியிருப்பார் என்று சந்தேகம்.

—

போன வருடம் ஸ்பைடர் கதைகளை எடுத்துத் திரும்பப் படித்தேன். கதையில் காதில் பூ சுற்றுவது முழம் கணக்கில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரெக் பன்னின் பேனாக் கோடுகளைப் பாருங்கள், ஸ்பைடர் முகத்தில் விழும் நிழலை மெல்லிய கோடு கோடாக இழைத்தே கொண்டுவந்திருப்பார், மட்டமான தாளில் அச்சான பழைய பிரதியிலும் அந்தக் கண் மட்டும் நம்மையே முறைக்கிறது. பத்து வயது மகனிடம் காட்டினேன், "இவன் நல்லவனா கெட்டவனா?" என்று கேட்டான். படித்துப் பார் என்று விட்டுவிட்டேன்.

முதலில் எழுதிய நண்பரே, அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தில் ஸ்பைடரோடு மோதியது யார்? ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள், பரணில் ஒரு பெட்டி இருக்கிறது, கடைசிப் பக்கங்களைத் தேடிப் பார்க்கிறேன்.