சைக்கிள் நின்னா சிக்னல் மாறலை: லூப் மேல எங்க நிறுத்தணும்?

ஒத்தைக்கியர்:
கார் வந்தா பச்சை விழுது, சைக்கிள் மட்டும் நின்னா விழ மாட்டேங்குது. ரோட்டை அறுத்து அடைச்ச செவ்வகக் கோடு தெரியுது, அதுக்கு நட்டநடுவுலதான் நிறுத்துறேன். எடை பத்தலையா? ஃபிரேமுக்கு அடியில காந்தம் ஒட்டச் சொல்றாங்க, பலன் இருக்குமா? இன்னொரு வண்டியில கார்பன் ரிம், அதுக்கு என்ன வழி?

கேபின்சாவி:
எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த வெட்டுக்குள்ள ஒயரை மூணு நாலு சுத்து போட்டிருப்பாங்க, அதுதான் லூப். அதுல பல கிலோஹெர்ட்ஸ் வேகத்துல மாறுமின்னோட்டம் ஓடும். மேல உலோகம் வந்தா அதுல சுழல் மின்னோட்டம் உண்டாகி, லூப்போட தூண்டல் திறன் (இண்டக்டன்ஸ்) கொஞ்சம் குறையும், அந்த மின்னோட்டத்தோட அதிர்வெண் ஏறும். லூப்போட இணைச்ச டிடெக்டர் கருவி பார்க்கிறது அதை மட்டும்தான். அலுமினிய ரிம்மே தாராளமா போதும். காந்தம் வீண் செலவு.

நட்டநடுதான் இருக்கிறதிலேயே மோசமான இடம். அங்க காந்தப்புலம் செங்குத்தா மேல எழும்புது. சக்கரமும் செங்குத்தா நிக்குது. புலம் ரிம் வளையத்துக்குள்ள நுழையாம ஒட்டி ஓடிடும். ஒயருக்கு நேர் மேல அது குறுக்கா வளையுது, வளையத்தை ஊடுருவும். அதனால நீங்க போற திசையில ஓடுற பக்கக் கோட்டு மேலயே ரெண்டு சக்கரமும் இருக்கணும். ஒரு சாண் தள்ளினாலே டிடெக்டருக்குத் தெரியுற மாற்றம் நல்லா குறைஞ்சிடும்.

நாலுமுனை:
உள்ள எத்தனை கோடுன்னு பாருங்க. போற திசையில மூணு கோடு இருந்தா அது குவாட்ரபோல், அதாவது ரெண்டு லூப்பை ஒட்டி வெச்ச மாதிரி சுத்தினது. நடுக்கோட்டு ஒயர்ல ரெண்டு பக்க மின்னோட்டமும் ஒரே திசையில சேரும், நடுக்கோட்டு மேலயே நில்லுங்க. உள்கோடுகள் சாய்வா இருந்தா எங்க நின்னாலும் பெரும்பாலும் பிடிக்கும்.

வந்து நின்ன உடனே பச்சை எதிர்பார்க்காதீங்க. சில இடத்துல சில வினாடி டிலே வெச்சிருப்பாங்க. லாக்கிங் (வந்த கோரிக்கையை நினைவுல வெச்சுக்கிற அமைப்பு) போடாத கன்ட்ரோலர்னா, பச்சை விழும் முன்னே லூப்பை விட்டு நகர்ந்தா கோரிக்கை ரத்து. பொறுமை போய் நகர்றவங்கதான் அதிகம்.

ஒத்தைக்கியர்:
கோட்டு மேல நின்னும் மாறலைன்னா? கார்பன் பத்தியும் சொல்லுங்க.

கேபின்சாவி:
கார்பன் ரிம்முல மின்சாரம் சரியா ஓடாது. வண்டியைக் கோட்டு மேல நல்லா சாய்ச்சு, கிராங்க் (பெடல் தண்டு), செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) எல்லாம் ரோட்டுக்குப் பக்கத்துல வர்ற மாதிரி பிடிங்க. ஃபிரேமும் கார்பன்னா நிச்சயம் சொல்ல முடியாது.

அலுமினிய ரிம்முக்கே மாறலைன்னா டிடெக்டரோட சென்சிட்டிவிட்டி (உணர்திறன்) குறைவா வெச்சிருக்கலாம். சாலைத் துறைக்கு எழுதும்போது எந்தத் திசை, எந்த லேன், எந்தக் கோடுன்னு குறிப்பிடுங்க. ஒரு ஆள் லூப் கோட்டு மேல சைக்கிளைப் பிடிக்க, இன்னொருத்தர் சிக்னலோட கன்ட்ரோல் கேபினெட்டுல அந்த லூப்புக்கான சேனல் விளக்கு எரியுதான்னு பார்த்தா போதும். எரியலைன்னா சென்சிட்டிவிட்டியை ஒவ்வொரு படியா ஏத்தலாம். ரொம்ப ஏத்தினா பக்கத்து லேன் லாரிக்கே பச்சைக் கோரிக்கை பதிவாகும். அப்ப சாய்வுக்கோடு லூப்பா வெட்டிப் போடுறதுதான் சரி.

நாலுமுனை:
கூடவே குறைந்தபட்சப் பச்சை நேரத்தையும் கேளுங்க. கார் கணக்குல வெச்ச நேரத்துல சைக்கிள் அகலமான சந்திப்பைப் பாதிதான் தாண்டும். கம்பத்துல வண்டியைக் கண்டுபிடிக்கிற கேமரா இருந்தா லூப் கதை பொருந்தாது. நிறுத்தக்கோட்டுக்குச் சற்றுப் பின்னாடி லேன் நடுவுல நில்லுங்க, ராத்திரியில முன்விளக்கு எரியட்டும்.