வாங்காத மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டுக்கு 12சி கடிதம்: எப்படிப் பதில் அனுப்புவது?

டெக்சாஸில் இருக்கிறோம். 2024 வரிக்கணக்கைப் பிப்ரவரியிலேயே இ-ஃபைல் செய்தோம். ரீஃபண்ட் வரவில்லை, வரி அலுவலகம் கூடுதல் விவரம் கேட்டு அனுப்பும் 12சி கடிதம்தான் வந்தது. மார்க்கெட்பிளேஸ் (அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தை) காப்பீட்டுக்கு எங்கள் பெயரில் முன்கூட்டியே அரசு மானியம் போயிருக்கிறதாம். 20 நாளுக்குள், அந்த மானியத்தைக் கணக்குப் பார்க்கும் 8962 படிவத்தையும், மார்க்கெட்பிளேஸ் தரும் காப்பீட்டு விவரப் படிவமான 1095-ஏ-வின் நகலையும் அனுப்ப வேண்டுமாம்.

நாங்கள் அந்தக் காப்பீட்டை வாங்கவே இல்லை. ஆண்டு முழுதும் கணவரின் கம்பெனி காப்பீடுதான், அதற்குக் கம்பெனி தந்த 1095-சி படிவம் கையில் இருக்கிறது. மார்க்கெட்பிளேஸைக் கூப்பிட்டுக் கேட்டால், யாரோ ஒரு ஏஜென்ட் எங்களைக் கேட்காமலே கணவர் பெயரில் பிளான் போட்டிருக்கிறார். ஆன்லைன் கணக்கில் அந்த 1095-ஏ கிடக்கிறது. மூன்றாம் பகுதி, 'சி' பத்தியில் மார்ச் முதல் டிசம்பர் வரை மாதாமாதம் மானியத் தொகை! பார்த்ததும் பகீரென்றது. அதை 8962-இல் அப்படியே ஏற்றினால், வாங்காத மானியத்தை நாங்கள் திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

புகார் பதிவு செய்தாயிற்று. அந்தப் படிவத்தை ரத்து செய்து வேறு அனுப்புவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. இதற்குத் திருத்திய வரிக்கணக்கு (1040-எக்ஸ் படிவம்) போடக்கூடாது என்பது தெரியும், அதனால் அதைத் தொடவில்லை. வரி அலுவலக ஃபோனில் ஆளே கிடைப்பதில்லை. கெடு அடுத்த வாரம் முடிகிறது.

இதே நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்: கையெழுத்திட்ட விளக்கக் கடிதம், 1095-சி நகல், புகார் எண் மூன்றையும் இப்போதே ஃபேக்ஸ் செய்யலாமா, இல்லை ரத்தான 1095-ஏ வரும்வரை அவகாசம் கேட்க வேண்டுமா?