ஒரே மரத்து பாதாம் இலை, இரண்டு தொட்டியில் இரண்டு விதம்: நத்தை ஓடு வெளுக்கிறது, உதவுங்கள்

மஞ்சக்குப்பம்_தொட்டி

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். மீன் வளர்க்கத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் இரண்டு தொட்டி. பெரியது சுமார் 50 லிட்டர், அதில் கப்பியும் மோலியும். சின்னது 20 லிட்டர். அதில் ஒரு நீல ஃபைட்டர், மூன்று மஞ்சள் நத்தை, ஒரு ஸ்பாஞ்ச் பில்டர்.

எங்கள் பின்வாசலில் ஒரு நாட்டு பாதாம் மரம் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது பாதி முறிந்து, பிறகு பக்கவாட்டில் தழைத்து நிற்கிற மரம். இப்போது இலை சிவந்து உதிர்கிறது. ஃபைட்டருக்கு இந்த இலை நல்லது, தண்ணீரின் பிஎச்சையும் (அமில-கார அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) இறக்கும் என்று மீன் கடையில் சொன்னார்கள். பொறுக்கிக் கழுவி, மாடியில் இரண்டு நாள் காயவைத்து, மூன்று வாரத்துக்கு முன் பெரிய தொட்டியில் 8 இலையும் சின்னதில் 6 இலையும் போட்டேன்.

பெரிய தொட்டியில் இருப்பது போர் தண்ணீர், அது டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் பிஎச் அன்றும் 8, இன்றும் 8. அசையவே இல்லை.

சின்னத் தொட்டியில் தலைகீழ். அதற்கு நான் எப்போதும் கேன் தண்ணீர்தான் ஊற்றுவேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு, குழாய் முனையில் வெள்ளையாகப் படியும். அதனால் ஃபைட்டருக்கு வேண்டாம் என்று நினைத்தேன். இலை போடும்போது 6.8 இருந்தது. இப்போது டெஸ்ட் கிட்டின் கடைசி மஞ்சளுக்கு வந்துவிட்டது, அதாவது 6 அல்லது அதற்கும் கீழே. ஃபைட்டர் மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது, இரண்டு நாளாகத் தீனியைத் தொடவில்லை. நத்தைகளின் ஓடு உச்சியில் சுரண்டி எடுத்ததுபோல் வெளுத்துவிட்டது. ஒன்று நேற்று செத்துப்போனது. ஒன்பது வயது மகள் பள்ளிக்குப் போகாமல் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரே மரம், ஒரே நாள் பொறுக்கிய இலை. ஏன் இப்படி இரண்டு விதமாகிறது? இன்று இரவே சின்னத் தொட்டியை முழுக்கக் கொட்டிவிட்டு போர் தண்ணீர் பிடித்து ஊற்றிவிடலாமா? பெரிய தொட்டியில் இன்னும் இலை சேர்த்தால் பிஎச் இறங்குமா?

நெல்லிக்குப்பம்_கப்பி

பெரிய தொட்டிக்கு எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டுப் பாருங்கள் அக்கா. நான் விட்டபோது 8-லிருந்து 7-க்கு வந்தது. மறுநாள் மறுபடி ஏறும், மறுபடி விட வேண்டும். சின்னத் தொட்டி விஷயம் எனக்குத் தெரியவில்லை.

லாஸ்பேட்டை_மாடி

முதலில் ஒன்று: தயவுசெய்து இன்று இரவு முழுத் தண்ணீரையும் மாற்றிவிடாதீர்கள் அம்மா. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்குள் சின்னத் தொட்டியிலிருந்து 5 இலையை எடுத்துவிடுங்கள், ஒன்று மட்டும் இருக்கட்டும். செத்த நத்தை உள்ளே இருந்தால் உடனே எடுங்கள். இன்றும் நாளையும் தீனி வேண்டாம். ஏர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் மொட்டை மாடி நிழலில் பன்னிரண்டு வருடமாக ஃபைட்டர் வளர்க்கிறேன். உங்களுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்தது. ஒரே வாரத்தில் பதினொரு குஞ்சுகளைப் பறிகொடுத்தேன். அதற்குப் பிறகுதான் கேஎச் என்ற ஒன்றைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மீன் கடைகளில் பிஎச் பற்றிச் சொல்கிற அளவுக்கு இதைச் சொல்வதில்லை.

ஆப்ப மாவு அதிகம் புளித்துவிட்டால் ஒரு சிட்டிகை சோடா போட்டுப் புளிப்பை முறிக்கிறோம் இல்லையா? உங்கள் போர் தண்ணீரில் அந்தச் சோடாவின் சத்து, அதாவது பைகார்பனேட், பூமியிலிருந்தே கரைந்து வருகிறது. குழாய் முனையில் வெள்ளையாகப் படிவது அதனால்தான். இலையிலிருந்து இறங்குகிற டானின், ஹியூமிக் அமிலம் எல்லாம் வலுக்குறைந்த அமிலங்கள். எட்டு இலை என்ன, பதினாறு போட்டாலும் அந்தத் தண்ணீர் முறித்துக்கொண்டே இருக்கும். நிறம் மட்டும் மாறும். நிறத்துக்கும் அமிலத்துக்கும் நேரான தொடர்பு இல்லை. பழுப்பாக இருந்தாலே அமிலத் தண்ணீர் என்று நம்பித்தான் நிறையப் பேர் இலையை அள்ளிப் போடுகிறார்கள்.

இப்படி முறிக்கிற இருப்பின் அளவுதான் கேஎச், கார்பனேட் கடினத்தன்மை. ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். கேன் தண்ணீர் பெரும்பாலும் ஆர்.ஓ. வழியாக வருவது. அதில் இந்த இருப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். முறிக்க ஒன்றுமே இல்லாத தண்ணீரில் ஆறு இலை போட்டிருக்கிறீர்கள். அதோடு, பில்டரில் இருக்கிற பாக்டீரியா மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போதும் அமிலம் உண்டாகிறது. இலை போடாமல் இருந்திருந்தாலும் அந்தத் தொட்டி மெல்ல இறங்கியிருக்கும், இலை அதை வேகப்படுத்தியது. பிஎச் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். 6.8-க்கும் 6-க்கும் சின்ன வித்தியாசம்தான் என்று தோன்றும், உண்மையில் அது ஆறு மடங்குக்கு மேல்.

நத்தை ஓடு கால்சியம் கார்பனேட். அமிலத் தண்ணீர் அதைக் கரைக்கிறது, புது ஓடு வளர்க்கத் தண்ணீரில் கால்சியமும் இல்லை. கரைந்த இடம் திரும்ப நிறையாது. தண்ணீர் சரியானால் இனி வளர்கிற விளிம்பு நன்றாக வரும்.

இப்போது ஏன் முழுக்க மாற்றக் கூடாது என்பது. பிஎச் 6-க்குக் கீழே போனால் பில்டர் பாக்டீரியா மந்தமாகிவிடும், கழிவு தேங்கும். அந்த அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும், மீனை அவ்வளவாகப் பாதிக்காது. பிஎச் 8 உள்ள போர் தண்ணீரைக் கொட்டினீர்கள் என்றால் அந்த அம்மோனியத்தில் ஒரு பங்கு நச்சு அம்மோனியாவாக மாறும். 6-லிருந்து 8-க்கு ஏறும்போது அந்தப் பங்கு ஏறக்குறைய நூறு மடங்கு ஆகிறது. முழுக்க வடித்தாலும் மணலிலும் ஸ்பாஞ்சிலும் மிச்சம் தேங்கி நிற்கும். அது ஒரு பக்கம் இருக்க, அமிலத் தண்ணீரில் பழகிய மீனின் செவுளும் உடம்பும் ஒரே இரவில் அந்தத் தாவலைத் தாங்காது. என் பதினொன்றும் அப்படித்தான் போயின. தண்ணீரைச் சுத்தமாக மாற்றி நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் செய்தேன்.

நாளைக்கே ஒரு கேஎச் கிட் வாங்குங்கள். சொட்டு விட்டு எண்ணுகிற வகை. 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட, நீலம் மஞ்சளாக மாறுகிற வரை எத்தனை சொட்டோ பெரும்பாலான கிட்களில் அத்தனை டிகிரி. டிடிஎஸ் பேனா இருக்கிறது, அது போதும் என்று விட்டுவிடாதீர்கள். அது கரைந்த உப்பு எல்லாவற்றையும் மொத்தமாகக் காட்டும், கேஎச்சைத் தனியாகச் சொல்லாது. போர் தண்ணீரைப் பிடித்த உடனே பிஎச் பார்க்காதீர்கள். கரைந்திருக்கிற கரியமில வாயு வெளியேற ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்துவிட்டுப் பாருங்கள், அதுதான் உண்மையான எண்.

போர் தண்ணீரின் கேஎச் 14 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு போர், மூன்று பங்கு கேன் கலந்தால் 3-க்கும் 4-க்கும் நடுவே வரும். அந்தக் கலவையில் தினமும் 2 லிட்டர் மட்டும் மாற்றுங்கள், அதையும் ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பத்து நாள் ஆகும். பொறுமையாக இருங்கள். ஃபைட்டர் தாய்லாந்துப் பக்கம் வயல்களிலும் சதுப்புகளிலும் வாழ்கிற இனம், 6.5-லிருந்து 7.5 வரை எங்கே நின்றாலும் வாழும். அமேசான் பக்கம் ரியோ நீக்ரோ ஆற்றில் பிஎச் 5-க்குக் கீழேகூட கார்டினல் டெட்ரா கூட்டம் கூட்டமாக இருக்கிறது. எண் எதுவாக இருந்தாலும் நாளுக்கு நாள் அது ஆடாமல் இருப்பதுதான் மீனுக்கு வேண்டும்.

அதனால்தான் எலுமிச்சையும் வேண்டாம் என்கிறேன் தம்பி. சாறு விட்டவுடன் பைகார்பனேட்டோடு சேர்ந்து கரியமில வாயு வருகிறது, பிஎச் இறங்குகிறது. இரவில் அந்த வாயு வெளியேறியதும் திரும்ப ஏறுகிறது. மீன் தினமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

பெரிய தொட்டியை அப்படியே விடுங்கள் அம்மா. கப்பிக்கும் மோலிக்கும் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், 8 அவற்றுக்குத் தொந்தரவே இல்லை. இலையும் வீணில்லை. குட்டி போட்டால் ஒளிந்துகொள்ள இடம், இலைமேல் படர்கிற வழுவழுப்பு அவற்றுக்கு முதல் தீனி. ஒன்று கேட்க வேண்டும்: அந்தத் தொட்டியில் சிப்பி, கிளிஞ்சல், பவளக்கல் ஏதாவது கிடக்கிறதா?

முத்தியால்பேட்டை_24

இலை பொறுக்குவது பற்றி மட்டும் சொல்கிறேன். பச்சை இலையைப் பறிக்கக் கூடாது, அதில் சாறு இருக்கிறது, தண்ணீர் கெடும். தானாக உதிர்ந்து பழுப்பானதுதான் வேண்டும். பாதாம் பழத்துக்கு ராத்திரியில் வௌவால் வரும், எச்சம் விழுந்த இலையைத் தள்ளிவிடுங்கள். சாலை ஓரத்து மரம் வேண்டாம், புகையும் எண்ணெயும் படிந்திருக்கும். கொசு மருந்து அடிக்கிற நாளிலும் பொறுக்க வேண்டாம். நான் கழுவியபின் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் வைப்பேன். கொஞ்சம் டானின் போய்விடும், ஆனால் இலை உடனே அடியில் தங்கும். 20 லிட்டருக்கு ஒரு நடுத்தர இலை போதும். மூன்று நான்கு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றலாம்.

காய்ந்த வாழை இலையும் கொய்யா இலையும் போட்டிருக்கிறேன், நன்றாக இருந்தன. வேப்பிலை போடாதீர்கள். அரளி இலை கிட்டவே வரக் கூடாது, அது விஷம். பிச்சாவரம் போகிறவர்கள் சுரபுன்னை இலை எடுத்து வருகிறார்கள், அந்தக் காட்டின் இலை அங்கேயே கிடக்கட்டும்.

ஐப்பசியில் மொட்டை மாடி மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றுகிறவர்களும் கவனியுங்கள். அதிலும் கேஎச் இல்லை, கேன் தண்ணீருக்கு நடந்ததே நடக்கும்.

மஞ்சக்குப்பம்_தொட்டி

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணா, அன்று ராத்திரி வாளியில் போர் தண்ணீரைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஊற்றவில்லை. மிக்க நன்றி.

கேஎச் கிட் திருப்பாதிரிப்புலியூரில் கிடைத்தது. போர் தண்ணீர் 13 சொட்டு. கேன் தண்ணீரில் முதல் சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டது. நானும் மகளும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மூன்று வாரமாக மனதில் இருந்த கேள்விக்கு அந்த ஒரு சொட்டு பதில் சொல்லிவிட்டது.

தினமும் காலையில் 2 லிட்டர் மாற்றினேன். ஐந்தாம் நாள் ஃபைட்டர் மேலே வந்து இரண்டு உருண்டை தின்றது. இன்று சின்னத் தொட்டியில் கேஎச் 2, பிஎச் 7. மிச்சமுள்ள ஒற்றை இலையின் அடியில் நேற்று ராத்திரி நுரைக்கூடு கட்டியிருக்கிறது. இரண்டு நத்தையும் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. ஓட்டின் உச்சி வெள்ளையாகத்தான் இருக்கிறது, வாய்ப்பக்கம் மெல்லிய மஞ்சள் கோடு புதிதாக வந்திருக்கிறது.

நீங்கள் கேட்டது சரிதான். பெரிய தொட்டியில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மகள் பொறுக்கிய கிளிஞ்சல்கள் கிடக்கின்றன, இரண்டு கைப்பிடி இருக்கும். அவற்றை எடுத்துவிட வேண்டுமா? இன்னொன்று, தண்ணீர் பழுப்பாக இருப்பதால் டெஸ்ட் நிறம் சரியாகத் தெரியவில்லை. என்ன செய்வது?

லாஸ்பேட்டை_மாடி

ரொம்ப மகிழ்ச்சி அம்மா. புது விளிம்பு வந்துவிட்டது என்றால் நத்தை பிழைத்துக்கொள்ளும்.

நிறத்துக்கு: அதே தொட்டித் தண்ணீரை மருந்து விடாமல் இன்னொரு குழாயில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிற அட்டைக்கு மேலே வைத்து, அதன் வழியாக அட்டையைப் பாருங்கள். அட்டைக்கும் பழுப்பு ஏறிவிடும், அப்புறம் ஒப்பிடுவது எளிது.

கிளிஞ்சலை எடுக்க வேண்டாம். கப்பித் தொட்டியில் அது இருக்கட்டும். சுண்ணாம்பு சுடுகிற அதே கிளிஞ்சல்தான். கேஎச் ஏற்கெனவே 13 இருக்கிற தண்ணீரில் அது பெரிதாகக் கரையாது. சின்னத் தொட்டிக்குத்தான் அது உதவும். தண்ணீர் அமிலமாகத் தொடங்கினால் மெல்லக் கரைந்து கொஞ்சம் தாங்கும், நத்தைக்குக் கால்சியமும் கிடைக்கும். உள்ளே உயிரோ சதையோ ஒட்டியில்லாத கிளிஞ்சலாக இரண்டு எடுத்து, கொதிக்கவைத்துக் கழுவி, ஸ்பாஞ்ச் பில்டர் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். வாரம் ஒரு முறை கேஎச் எண்ணுங்கள், 2-க்குக் கீழே போனால் கலவையில் போர் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

மஞ்சக்குப்பம்_தொட்டி

வைத்துவிட்டோம் அண்ணா. எந்த இரண்டு என்று அவளே தேர்ந்தெடுத்தாள். நத்தை ஒன்று இப்போதே அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.