மாசம் 20 மணி நேரம், "நீட்டா" இருக்கிறதுக்கு மட்டும். விட்டுடலாமா?

வகிட்டுநரை (தொடங்கியவர்)
ஞாயித்துக்கிழமை மத்தியானம். நரைக்குப் பூசுற ஹேர் டை பாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு பத்து நிமிஷமா உக்காந்திருக்கேன், பிரிக்க மனசு வரல, அதான் இங்க கொட்டிடலாம்னு வந்தேன். வயசு 44, ஓஎம்ஆர்ல ஐடி வேலை, வாரத்துல ரெண்டு நாளாவது கிளையண்ட் மூஞ்சில முழிக்கணும்.

போன மாசம் ஒரு நோட்டுல எழுதிப் பாத்தேன், பாக்க நல்லா இருக்கிறதுக்கு மட்டும் எவ்வளவு நேரம் போகுதுன்னு. குளியல், பல் தேய்க்கிறது சேர்க்கல, அது யாரா இருந்தாலும் செய்யணும். காலைல தலை, முகம், புடவையோ சுடிதாரோ பின் குத்தி முடிக்க 35 நிமிஷம், 22 நாளைக்கு 13 மணி நேரம் பக்கம் வருது. மூணு வாரத்துக்கு ஒரு தடவ டை, அது கலக்கி பூசி ஊறி அலசி அப்புறம் பாத்ரூம் டைல்ஸ்ல பட்ட கறையத் தேச்சு எடுக்கிற வரைக்கும் ரெண்டு மணி நேரம். ஐப்ரோ, அப்பர் லிப்னு பார்லர் போனா வேலை பத்து நிமிஷம் காத்திருக்கிறது அம்பது நிமிஷம். வேக்சிங் ஒன்றரை மணி. காட்டன் புடவைக்கு கஞ்சி போட்டு நீவி மடிக்க ரெண்டு மணி. கூட்டினா 20 தாண்டுது. வருஷத்துக்கு 240 மணி நேரம், எட்டு மணி நேர வேலை நாளாப் பாத்தா 30 நாள். எனக்கு கம்பெனி குடுக்கிற லீவே 18 நாள்தான்.

வீட்டுக்காரருக்கும் நரைதான். அவருக்கு "சால்ட் அண்ட் பெப்பர், கெத்தா இருக்கு சார்"னு சொல்றாங்க. நான் போன தடவ டைய ஒரு வாரம் தள்ளிப் போட்டதுக்கு மேனேஜர் தனியா கூப்பிட்டு "உடம்பு சரியில்லையா, லீவு வேணும்னா எடுத்துக்கோங்க"ன்னார். நல்ல மனுஷன்தான், அக்கறையாத்தான் கேட்டார். அதுதான் இன்னும் கடுப்பு.

டைய மொத்தமா விட்டுடலாமானு யோசிக்கிறேன். சொல்லுங்க.

மதுரை_ரெப்
அக்கா கோவிச்சுக்காதீங்க, நான் எதிர்க்கட்சி. 17 வருஷமா மெடிக்கல் ரெப். கத்திரி வெயில்ல கழுத்துல டை கட்டி, ஷூ பாலிஷ் போட்டு, பை தூக்கிக்கிட்டு டாக்டர் ரூம் வாசல்ல ஒன்றரை மணி நேரம் நின்னு உள்ள போனா எனக்குக் கிடைக்கிறது ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துல மருந்தப் பத்தி அவர் கேக்குறதுக்கு முன்னாடி என் சட்டை காலரப் பாத்துடுவார். தினம் ஷேவ் பண்ண பத்து நிமிஷம், வருஷத்துக்கு 60 மணி நேரம், நான் யார்கிட்டயும் அழல. கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. நம்மளப் பாக்கிறவங்களுக்கு நாம குடுக்கிற மரியாதை அது. வேலைல ஒரு பகுதின்னு நினைச்சா வலிக்காது.

வகிட்டுநரை
தம்பி, கசக்கிக் கட்டுன்னுதான் சொல்லிருக்கு. கறுப்பாக்கிக் கட்டுன்னு சொல்லல.
வேலைல ஒரு பகுதின்னா டைம்ஷீட்ல போட விடுவாங்களா?

குரோம்பேட்டை_குப்பு
😂😂 ரெப்பண்ணே முதல் பால்லயே போல்ட்

கணக்குப்புள்ள
வேலைல ஒரு பகுதின்னு ரெப் சொல்றதுக்கு ஆதாரம் இருக்கு, ஆனா அது அவர் நினைக்கிற பக்கம் போகல. 2016ல ஜாக்லின் வாங், ஆண்ட்ரூ பென்னர்னு ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை போட்டாங்க, அமெரிக்கத் தரவு. பாக்க லட்சணமா இருக்கிறவங்களுக்கு சம்பளம் கூடங்கிறது பழைய விஷயம், ஹாமர்மெஷ், பிடில் 1994லயே எழுதிட்டாங்க. இவங்க புதுசா கேட்டது, அதுல பிறவி அழகு எவ்வளவு, அலங்காரம் எவ்வளவுன்னு. பெண்களுக்கு அந்தக் கூடுதல் சம்பளம் கிட்டத்தட்ட முழுக்க அலங்காரத்தால விளக்கிட முடியுது. ஆண்களுக்கு பாதிதான். அதாவது ஆம்பளைக்கு மூஞ்சி நல்லா இருந்தாலே பாதி மார்க், பொம்பளைக்கு மூஞ்சி மட்டும் இருந்து பத்தாது, அதுக்கு மேல உழைக்கணும்.

அக்கா டைய விட்டா நஷ்டம் வரலாம். அதுதான் நிஜம். நியாயமான்னு கேட்டா நியாயம் இல்ல.

மதுரை_ரெப்
பாத்தீங்களா, இதத்தான் நானும் சொல்றேன். நல்ல செய்தியாத்தான் எடுத்துக்கணும் இத. மூக்க மாத்த முடியாது, நிறத்த மாத்த முடியாது, ஆனா முடி, உடுப்பு, நகம் நம்ம கையில இருக்கு. உழைச்சா மார்க்.

வகிட்டுநரை
கணக்கு சார், அந்த "அலங்காரம்"ங்கிறத யாரு அளந்தாங்க?

கணக்குப்புள்ள
பேட்டி எடுக்கப் போனவங்க கண்ணால பாத்து போட்ட மார்க்தான் மேடம். அதனால அதுலயே அவங்க அவங்க ரசனை கலந்திருக்கும். நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தும்னும் சொல்ல மாட்டேன்.

நம்ம ஊர்த் தரவு வேணும்னா 2019 தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கு. அதுல தன்னைப் பராமரிக்கிறதுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம்னு வரும், பயந்துடாதீங்க, தூக்கமும் சாப்பாடும் அதுல அடக்கம். நான் காட்ட வந்தது வேற. சம்பளம் இல்லாத வீட்டு வேலைல ஈடுபடுற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவு பண்றாங்க, ஆம்பளைங்க 97. அக்காவோட 35 நிமிஷம் அந்த 299க்கு மேல வருது. ரெப்போட பத்து நிமிஷம் 97க்கு மேல. நிமிஷத்த மட்டும் எண்ணினா தப்பாப் போயிடும்.

பார்லர்_பாக்கியம்
நாகர்கோயில்ல பத்தொன்பது வருஷமா பார்லர் வெச்சிருக்கேன். எல்லாரும் நாற்காலில உக்காருறவங்க நேரத்தக் கணக்குப் போடுதீங்க, நிக்கிறவ கணக்கு யாருக்குத் தெரியும்? ஒரு ஐப்ரோ எனக்கு ஆறேழு நிமிஷம், கல்யாண சீசன்ல ஒரு நாளைக்கு நாப்பது பேர், குனிஞ்சே நின்னு கழுத்து தேஞ்சு போச்சு, கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது. தை, வைகாசி, ஆவணில சோறு திங்க நேரம் இருக்காது, ஆடிலயும் மார்கழிலயும் ஈ ஓட்டுவேன்.

வகிட்டுநரை அக்கா எழுதினதப் படிச்சதும் நியாயமாப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கணும், ஆனா எனக்கு அவங்க சொல்றது சரின்னுதான் படுது. எங்கிட்ட வாரவள்ல பாதிப் பேரு ஆசைப்பட்டு வரல மக்கா. நாத்தனார் ஏதோ சொல்லிட்டா, மாப்பிள்ள வீட்ல பாக்க வாராவ, டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ. ஆசைப்பட்டு வாரவ முகமே வேற, அவ கண்ணாடியப் பாத்து சிரிப்பா. மத்தவ போனப் பாத்துக்கிட்டே இருப்பா.

இன்னொண்ணு, 2025ல சலூன் வேலைக்கு ஜிஎஸ்டி 18ல இருந்து 5 ஆச்சுன்னு வாரவ எல்லாம் "இனிமே குறைப்பீங்களா"ன்னு கேட்டா. வருஷத்துக்கு 20 லட்சம் தாண்டினாத்தான் எங்கள மாதிரிக்கு ஜிஎஸ்டியே. நான் எந்தக் காலத்துல அதக் கட்டினேன், இப்ப குறைக்க.

செக்‌ஷன்_கிளார்க்
அரசாங்க உத்தியோகத்துக்கு வந்துடுங்க மேடம். எங்களுக்கு 2019ல தலைமைச் செயலகத்துல உடை ஆணை வந்துச்சு, புடவை, சல்வார், துப்பட்டாவோட சுடிதார், ஆம்பளைங்களுக்கு பேண்ட் சட்டை இல்லன்னா வேட்டி. தலைமுடி கலரப் பத்தி ஒரு வரி கிடையாது. எங்க சூப்பிரண்டெண்டு அம்மா வெள்ளைத் தலையோட ஃபைல் கேட்டா பில்டிங்கே நடுங்கும்.

குரோம்பேட்டை_குப்பு
44 வயசுல குரூப் 4 எழுதச் சொல்றீங்களே சார்

நீலம்போட்டவேட்டி
ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதினதில்ல. இன்னிக்கு எழுதணும்னு தோணுது, நீளமா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்கப்பா நகராட்சில துப்புரவு வேலை. சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்ததும் வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டார், பின்னாடி கல்லு மேல உக்காந்து அரை மணி நேரம் தேச்சுத் தேச்சுக் குளிப்பார். அப்புறம் நீலம் போட்டு கஞ்சி வெச்ச வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, தலைல எண்ணெய் வெச்சுப் படிய வாரி, அதுக்கப்புறம்தான் டீ குடிக்கவே கடைத்தெருவுக்குப் போவார். சின்ன வயசுல எனக்குச் சிரிப்பா இருக்கும், ஒரு டீக்கு இவ்வளவு அலப்பறையான்னு. பெரியவனானப்புறம்தான் புரிஞ்சுது, அழுக்குச் சட்டையோட போனா அந்தக் கடைல அவர எப்படிக் கூப்பிடுவாங்கன்னு அவருக்குத் தெரியும்.

காந்தி 1921 செப்டம்பர்ல நம்ம மதுரைலதான் மேல்சட்டையக் கழட்டிட்டு அரையாடைக்கு மாறினார். பெரிய விஷயம்தான், மறுக்கல. ஆனா அம்பேத்கர் வெளிய வர்றப்ப பெரும்பாலும் கோட்டு சூட்டோடதான் இருந்தார். கழட்டினா மகாத்மான்னு சொல்ற இடத்துல ஒருத்தர் இருக்கலாம், இன்னொருத்தர் கழட்டினா "அவன் அப்படித்தான் இருப்பான்"னு போயிடுவாங்க. பாக்கியம் அக்கா ஊர்ப் பக்கம்தானே பொம்பளைங்க மாரை மறைக்கத் தோள்சீலை போட்டுக்கிற உரிமைக்காக ஜனங்க அடி வாங்கினது, 1859ல ஆணை வர்ற வரைக்கும். அவங்ககிட்ட போய் "உடுப்புல என்ன இருக்கு"ன்னு சொல்ல முடியுமா?

இப்ப நான் ஒரு பேங்க்ல வேலை பாக்கிறேன். கூட இருக்கிறவர் கசங்கின சட்டைல வந்தா "சார் ரொம்ப சிம்பிள்". நான் ஒரு நாள் ஷேவ் பண்ணாம போனா வாசல்ல செக்யூரிட்டியே ஒரு செகண்ட் யோசிக்கிறார். எனக்கு இந்த நேரம் வேஸ்ட் இல்ல, நுழைவுச்சீட்டு.

மதுரை_ரெப்
சார் 🙏 நான் சொல்லத் தெரியாம சொன்னத நீங்க சொல்லிட்டீங்க.

வகிட்டுநரை
நீலம் சார், ரெண்டு தடவ படிச்சேன். உங்கப்பா பத்தி எழுதினதுக்கு மறுபேச்சு இல்ல.

ஆனா ஒண்ணு, ரெப் தம்பி நீங்க அவர் பின்னாடி போய் ஒளிஞ்சுக்காதீங்க. அவர் சொல்றது அழுக்குன்னு பேர் வாங்காம இருக்கிறதப் பத்தி. என் நரை அழுக்கு இல்ல. நான் தினம் குளிக்கிறேன், துவைச்சத உடுத்துறேன், நகம் வெட்டுறேன். வெள்ளை முடி எப்ப "நீட்டா இல்ல"ங்கிற லிஸ்ட்ல சேந்துச்சு? எங்க ஆச்சி காலத்துல புருவத்த நூல் போட்டுப் பிடுங்கலன்னா யாரும் ஏதும் கேட்டாங்களா? இன்னிக்கு பிடுங்கலன்னா "என்ன டல்லா இருக்க". லிஸ்ட் நீளுது தம்பி, அதுதான் என் பிரச்சனை. நான் காலேஜ் முடிச்சப்ப காலுக்கு வேக்சிங் பண்ணின ஒருத்திய எனக்குத் தெரியாது, இப்ப எட்டாவது படிக்கிற என் பொண்ணு கேக்குறா.

நீலம் சார் சொன்ன நுழைவுச்சீட்டுக்கு வருஷா வருஷம் விலை ஏத்துறாங்க, அத யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க.

நீலம்போட்டவேட்டி
விலை ஏத்துறாங்கங்கிறது சரிதான் மேடம். ஆனா முதல்ல கொடுக்க மாட்டேன்னு சொல்ற தைரியம் யாருக்கு வரும்னு பாருங்க. உங்களுக்கு 20 வருஷ அனுபவம் இருக்கு, மேனேஜர் லீவு வேணுமான்னு கேக்கிறார். உங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல நிக்கிற பொண்ணு நரையோட வந்தா லீவு குடுக்க மாட்டாங்க, ஆளையே மாத்திடுவாங்க.

வகிட்டுநரை
ம்.
அப்ப மாட்டேன்னு சொல்ல முடியுறவங்கதான் முதல்ல சொல்லணும், இல்லையா? நான் நிறுத்தினா அந்தப் பொண்ணுக்கு நாளைக்கே ஒண்ணும் ஆகாது, தெரியும். ஆனா நாங்களும் பூசிக்கிட்டே இருந்தா அவளுக்கு என்னிக்குமே ஆகாது.

மதுரை_ரெப்
சினிமா வசனம் அக்கா. டார்கெட் அடிக்கலன்னா இந்த வசனம் சோறு போடாது.

கணக்குப்புள்ள
மேல இருந்து மாறுறதும் நடக்கும் ரெப். 2019ல வர்ஜின் அட்லாண்டிக் விமான கம்பெனி, பணிப்பெண்களுக்கு மேக்கப் கட்டாயம் இல்லைன்னு விதிய மாத்துச்சு. அதுக்காக யாரும் டிக்கெட்ட கேன்சல் பண்ணதா நான் கேள்விப்படல.

மதுரை_ரெப்
அது லண்டன். நான் போறது உசிலம்பட்டி.

பார்லர்_பாக்கியம்
சண்டை போதும். வகிட்டுநரை அக்கா, விடுறதுன்னா ஒரே நாள்ல விடாதீங்க. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வளரும், உங்களுக்கு தோள் வரைக்கும் இருந்தா ரெண்டு வருஷத்துக்கு மேல பாதி வெள்ளை பாதி கறுப்பா திரியணும், அப்பத்தான் நாலு பேரு கேக்குறதுல மனசு விட்டுப் போயி மறுபடி டைய எடுப்பீங்க. நெறைய பேரப் பாத்திருக்கேன். முடியக் குட்டையா வெட்டிட்டு விடுங்க. இல்லன்னா மருதாணி, அவுரி. மருதாணிய டீ டிகாஷன்ல இரும்புச் சட்டில ராத்திரி ஊற வெச்சு முதல்ல அதப் போட்டு அலசணும், காஞ்சப்புறம் அவுரி இலைப் பொடிய வெதுவெதுப்பான தண்ணில குழைச்சு பத்து பதினஞ்சு நிமிஷத்துல போட்டுடணும், ரொம்ப நேரம் ஊற வெச்சா கறுப்பு பிடிக்காது. ஆனா ஒரு நாளே போயிடும், உங்க 20 மணி நேரக் கணக்கு 25 ஆயிடும், அதையும் சொல்லிடுதேன்.

கடைல விக்கிற பொடி மருதாணி அஞ்சு நிமிஷத்துல கறுப்பாகுதுன்னா அது மருதாணி இல்ல, பிபிடிங்கிற ரசாயனச் சாயம் கலந்திருக்கும். எங்கிட்ட ஒருத்தி அத வீட்லயே போட்டுக்கிட்டு கண்ணு மூடுற அளவுக்கு முகம் வீங்கி வந்தா. எந்த டையா இருந்தாலும் காது பின்னாடி கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாக்கணும், ஒருத்தியும் பாக்க மாட்டா, அவசரம்.

வகிட்டுநரை
தோளுக்குக் கீழ நாலு விரல் இருக்கு அக்கா. குட்டையா வெட்டினா எங்கம்மா ஒரு மாசம் பேச மாட்டாங்க, அது ஒரு தனி த்ரெட்.

பாக்கெட்ட பிரிக்கல. அலமாரில தூக்கி வெச்சுட்டேன். நாளைக்கு பத்து மணிக்கு கிளையண்ட் மீட்டிங், வகிடு நல்லாவே வெள்ளையாத் தெரியுது, கேமராவத் தள்ளி வெக்க மாட்டேன். புடவைக்கு மட்டும் கஞ்சி போட்டாச்சு, அது எனக்கே பிடிக்கும்.

குரோம்பேட்டை_குப்பு
மேனேஜர் மறுபடி லீவு குடுத்தா வாங்கிக்கோங்க அக்கா, 18 நாள் பத்தல இல்ல

மதுரை_ரெப்
நான் மாறல. நாளைக்கும் ஷேவ் பண்ணித்தான் போவேன்.

பாக்கியம் அக்கா, ஒரு சந்தேகம். மீசைல நாலு வெள்ளை வந்திருக்கு, ஒரு வருஷமா ஐப்ரோ பென்சில்தான் தடவுறேன், வேர்த்தா கரையுது. அந்த அவுரிய மீசைக்குப் போடலாமா?

பார்லர்_பாக்கியம்
போடலாம் தம்பி. முதல்ல காது பின்னாடி தடவிப் பாருங்க.